வரிசை பெரிதா, ஒரே ரகம் பெரிதா: கப்பல் மாமாவுக்கு ஒரு மேல்முறையீடு

கப்பலில் உள்ள அத்தனை வயிறுகளையும் நிரப்பும் பொறுப்பில் இருக்கும் சின்ன மாமா அவர்களின் சமுகத்துக்கு, உங்கள் அக்காவின் இரண்டாவது வாரிசு, வயது பதினாறு, நின்றுகொண்டே எழுதிக்கொள்வது. நிற்பதற்குக் காரணம் மரியாதை இல்லை. உட்கார இடம் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். அப்பா நலம், அம்மா நலம், புது வாஷிங் மெஷின் பழைய மெஷினைவிடச் சத்தமாக நலம், அக்கா ரொம்ப ரொம்ப நலம். எந்நேரமும் சிரித்தபடி இருக்கிறாள். அது எனக்குத் தாங்கவில்லை. அங்கே நீங்களும், உங்கள் கரண்டியும், கேப்டனின் செரிமானமும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். போக்கரில் ஒருவன் கையில் ஐந்து சீட்டும் ஒரே சின்னமாக இருக்கிறது, இன்னொருவன் கையில் ஐந்து சீட்டும் எண் வரிசையாக இருக்கிறது என்றால் யார் ஜெயித்தவன்? ஒரு வார்த்தை பதில் போதும். இதைக் கேட்க ஒரு கடிதமா என்று நீங்கள் நினைப்பீர்கள். நினைக்காதீர்கள். அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் என் ஸ்டூல் இருக்கிறது. ஸ்டூலுக்குப் பக்கத்தில் அக்கா இருக்கிறாள். அடுத்த மாதம் கல்யாணமாகிப் போய்விடுவாள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டத்தில் அவள் பக்கத்தில் உட்காரப்போவது நானா, லிஃப்ட்டா என்பதை நீங்கள்தான் தீர்க்க வேண்டும்.

லிஃப்ட் என்றால் அவளுக்கு நிச்சயம் செய்திருக்கும் மாப்பிள்ளை. லிஃப்ட் மெக்கானிக். "மாமான்னு கூப்பிடுடா" என்று அம்மா தினமும் சொல்கிறாள். இந்த வீட்டில் மாமா என்ற பதவி ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, பதவியில் இருப்பவர் கடலில் இருக்கிறார் என்பதற்காக இடம் காலி என்று அறிவிக்க முடியாது என்று நான் உங்களுக்காக வாதாடியிருக்கிறேன். என் விசுவாசத்தைத் தீர்ப்பு எழுதும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிக்கலுக்கு மூல காரணம் நீங்கள்தான் என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். போன விடுமுறையில் வந்தபோது, "ரம்மி ஆடி ஆடி மூளையில பூஞ்சை புடிச்சிரும், நான் போக்கர் சொல்லித் தர்றேன்" என்று நம் லாண்டரியின் இஸ்திரி மேஜைமேல் சீட்டுக்கட்டைப் பிரித்தீர்கள். சட்டைகளிலிருந்து உதிர்ந்து, உரிமையாளர் தேடி வராத பொத்தான்கள் கிடந்த ஜாடியைக் கவிழ்த்து, இதுதான் பந்தயம் என்றீர்கள். கீழிருந்து மேலாக அழகாகத்தான் ஆரம்பித்தீர்கள். ஒன்றுமே சேரவில்லை என்றால் இருப்பதில் பெரிய சீட்டு, அதற்கு மேல் ஒரு ஜோடி, அதற்கு மேல் இரண்டு ஜோடி, அதற்கு மேல் ஒரே எண்ணில் மூன்று. அம்மாகூட "இவ்ளோதானா" என்றாள். அப்புறம் நடுவில் மூன்று இருக்கிறது என்றீர்கள். ஐந்தும் எண் வரிசையாக வருவது ஒன்று. ஐந்தும் ஒரே சின்னமாக வருவது ஒன்று. மூன்றும் ஒரு ஜோடியும் சேர்ந்து வரும் ஃபுல் ஹவுஸ் ஒன்று. "இந்த மூணுல எது மேல எது கீழன்னா" என்று நீங்கள் வாயைத் திறந்ததும் வாசலில் டாக்ஸி ஹார்ன் அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். வாசலில் நின்று, "நாலு ஒரே எண்ணா வந்தா அந்த மூணுக்கும் மேல, ஒரே சின்னம் வரிசையாவும் வந்தா அதுக்கும் மேல, அதுவே பத்துல ஆரம்பிச்சு ஆஸ் வரைக்கும் வந்தா அதுக்கு மேல ஆளே இல்ல" என்று மொட்டை மாடியைக் கட்டிக் கொடுத்தீர்கள். தரைத்தளமும் கட்டியாகிவிட்டது. நடு மாடியைக் கட்டாமல் கப்பலேறிவிட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நடு மாடி இல்லாமல் ஆட்டம் அப்படியே நின்றுவிட்டது. அக்கா கையில் ஒரே சின்னம். என் கையில் வரிசை. இருவரும் நான்தான் நான்தான் என்று மேஜையைத் தட்டினோம். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பா கண்ணாடியைத் துடைத்தால் சட்டம் பிறக்கப்போகிறது என்று அர்த்தம்.

"இதுல என்ன குழப்பம்? நம்ம தொழில்லயே விடை இருக்கு" என்றார். "அஞ்சும் ஒரே ரகமா வர்றதுல என்ன பெருமை? லாட்ஜ்லேர்ந்து தினமும் வெள்ளப் போர்வை வருதே, மலை மாதிரி, எல்லாம் ஒரே ரகம். ஒரே ரகம் வந்துச்சுன்னு நான் என்னைக்காவது எந்திரிச்சு நின்னிருக்கனா? ஆனா டோக்கன் வரிசையா அஞ்சு பேரு துணி வாங்க வந்து நீ பாத்திருக்கியா? நூத்தி நாப்பது வருவான், நாப்பத்தொண்ணு வருவான், நாப்பத்திரெண்டு சீட்டத் தொலைச்சிட்டு சண்டைக்கு வருவான். வரிசையா அஞ்சுங்கறது இந்தக் கடை தொறந்த நாள்லேர்ந்து நடக்கல. அதனால வரிசைதான் பெரிசு."

"அப்ப ஃபுல் ஹவுஸு?" என்றாள் அக்கா.

அதற்கு அம்மா பதில் சொன்னாள். "மூணு சட்டை, ஒரு ஜோடி சாக்ஸ். ஒரே மூட்டையில ரெண்டு சாக்ஸும் சேந்து வந்துச்சுன்னா அது ஒழுங்கான குடும்பம். அதத் தூக்கிப் போர்வைக்கு மேல வை. ஆனா டோக்கனுக்குக் கீழ."

இப்படியாக ஒரே ரகம் கீழே, ஃபுல் ஹவுஸ் நடுவில், வரிசை மேலே என்று லாண்டரிச் சட்டம் நிறைவேறியது. நானும் கை தூக்கி ஆதரித்தேன். அன்று வரிசை என் கையில் இருந்தது என்பதற்கும் நான் கை தூக்கியதற்கும் இருக்கும் தொடர்பு இந்த வழக்குக்குத் தேவையில்லாதது. அக்காவின் பொத்தான்கள் எல்லாம் என்னிடம் வந்தன. அவள் என் தலையில் குட்டினாள். குட்டிவிட்டு என் காதில், "மலை மாதிரி போர்வையாம்டா, போர்வ கையிலயே நான் தோத்துட்டேன்" என்று சொல்லி, தோற்றதற்கே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மாமா, அந்த ஸ்டூலின் அருமை உங்களுக்குப் புரிய வேண்டும் என்றால் இதைச் சொல்லியாக வேண்டும். இஸ்திரி மேஜையின் ஒரு பக்கம் சுவர், ஒரு முனை நீராவிக் குழாய். அப்பா இன்னொரு முனையில், மிச்சமிருக்கும் நீளப் பக்கத்தில் அம்மா, அக்கா, நான். ஆக மொத்தம் நாலே ஸ்டூல். ஐந்தாவது போட்டால் குழாயே உட்காருபவரை இஸ்திரி போட்டுவிடும். அந்த நாலாவது ஸ்டூலில் உட்கார்ந்தால் அக்காவின் இடது காது என் வசம். வாரம் முழுக்க அவள் கவுன்ட்டரில் நின்று சேர்த்து வைத்ததெல்லாம் அங்கேதான் அவிழும். பல் செட்டைச் சட்டைப் பையில் மறந்துவிட்டுத் துவைக்கப் போட்டவர், 'என் பேன்ட் சின்னதாயிடுச்சு' என்று மாதாமாதம் வயிற்றைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருபவர், எல்லோரும் எனக்குக் காதோடு காதாகத்தான் அறிமுகம்.

அந்தக் காதில்தான் இப்போது லிஃப்ட் நிற்கிறது.

முதல் ஞாயிறு, "விருந்தாளிடா, எந்திரி" என்றாள் அம்மா. எழுந்தேன். இரண்டாம் ஞாயிறும் எழுந்தேன். மூன்றாம் ஞாயிறு, "விருந்தாளின்னா எத்தன வாரத்துக்கு?" என்று கேட்டேன். "அவர் என்னடா விருந்தாளி, இனிமே வீட்டு ஆளு" என்றாள். "அப்ப வீட்டு ஆளு நிக்கட்டும், நானும் வீட்டு ஆளா இருந்துதான் நிக்கறேன்" என்றேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். கையில் ஹேங்கர் இருந்தது. நான் நீராவிக் குழாய் மூலைக்கே போய், சீட்டுக் கலைத்துப் போடுபவனாக நின்றுவிட்டேன். நாலு பேர் விளையாட ஒருவன் பரிமாறுவது. உங்கள் உத்தியோகம்தான் மாமா, ஆனால் சம்பளமில்லை.

நின்றவன் கண்ணுக்கு எல்லாம் தெரியும். லிஃப்ட் முழுக்கைச் சட்டையில் கஞ்சி போட்ட மாதிரி நிமிர்ந்து உட்காருகிறார். அக்கா அவருக்குச் சட்டம் சொல்லித் தருகிறாள். "ஒரே ரகம் வந்தா ஆடாதீங்க, அது போர்வ" என்கிறாள். அவர் ஓகோ ஓகோ என்று தலையாட்டுகிறார். மூன்றாம் வாரம் ஒரு ஜோக் அடித்தார்: "எங்க வேலையில ஏற்ற இறக்கம் சகஜங்க." அவ்வளவுதான் ஜோக். அக்கா சிரித்த சிரிப்பில் ஜாடியிலிருந்த பொத்தானெல்லாம் அதிர்ந்தது. மாமா, நான் ஆறு வயதிலிருந்து அவளுக்கு ஜோக் சொல்லிவருகிறேன். முதல் தரம். கையால் நெய்தது. அதற்கெல்லாம் எனக்குக் கிடைத்தது குட்டு. அவருக்கு மட்டும் சிரிப்பா? மேலே போகும், கீழே வரும், வேறென்ன தெரியும் அந்தப் பெட்டிக்கு?

பொறாமை என்று நீங்கள் சொல்வீர்கள். அக்காவும் அதைத்தான் சொன்னாள். பொறாமையேதான், நான் மறுக்கவில்லை, ஆனால் ஆதாரத்தோடு கூடிய பொறாமை. ஆகவே நடவடிக்கை எடுத்தேன். என்ன துவைத்தும் கறை போகாத துணிகளில் நாம் ஒரு அட்டை கட்டித் திருப்பிக் கொடுப்போமே, 'கறை போகவில்லை, கடை பொறுப்பல்ல' என்று, அதில் ஒன்றை எடுத்து, அவர் கிளம்பும்போது முதுகைத் தட்டி வழியனுப்புவது போலச் சட்டைக்குப் பின்னால் குத்திவிட்டேன். மனிதர் அதோடு பஸ் ஏறி, வழியிலேயே ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுபோனதாகப் போன் வந்து, நேராக அங்கே போய், ஒரு மாடி விடாமல் ஏறி இறங்கியிருக்கிறார். அடுத்த வாரம் வந்தார். சண்டை போடுவார், அக்கா கொஞ்சம் முகத்தைத் தூக்குவாள், எனக்கு ஒரு அரை மணி நேரம் ஸ்டூல் கிடைக்கும் என்று காத்திருந்தேன். அவரோ பர்ஸிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் காட்டி, "ஒரு நர்ஸம்மா படிச்சிட்டு, பரவால்ல தம்பி, மனசு சுத்தமா இருந்தா போதும்னாங்க" என்றார். அப்பா சிரித்தார். அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அக்கா சிரித்ததை எழுத என் பேனா மறுக்கிறது. என் சரக்கை வைத்து அவர் வியாபாரம் செய்துவிட்டார் மாமா.

அன்றைக்கு நான் வெடித்துவிட்டேன். சீட்டுக்கட்டை மேஜைமேல் வைத்து, இனிமேல் போடமாட்டேன், ஒன்று எனக்கு ஸ்டூல் வேண்டும், இல்லையென்றால் எல்லோரும் நின்று ஆடுங்கள் என்றேன். அப்பா கண்ணாடியைத் துடைத்தார். "சரி. நீங்க ரெண்டு பேரும் ஒரே ஒரு ஆட்டம் ஆடுங்க. ஜெயிச்சவன் கல்யாணம் வரைக்கும் அந்த ஸ்டூல்ல உக்காரலாம். அதுக்கப்பறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது." லிஃப்ட், "எதுக்குங்க, தம்பியே உக்காரட்டும்" என்று பாதி எழுந்தார். "உக்காருங்க மாப்ள, சட்டம்னா சட்டம்" என்று அப்பா அவரை அமுக்கிவிட்டார். அக்காவைப் பார்த்தேன். யார் பக்கம் என்று தெரிந்துகொள்ளத்தான். அவள் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். கோர்த்தாள், உருவினாள், மறுபடி கோர்த்தாள்.

அம்மா சீட்டுப் போட்டாள். ஆளுக்கு ஐந்து. ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். என் கையில் நாலு ஸ்பேட், ஒரு டைமன் இரண்டு. ஸ்பேடில் ராஜா இருந்தார். லாண்டரிச் சட்டப்படி ஒரே ரகம் வெறும் போர்வைதான் என்றாலும், போர்வை ஜோடியைவிடவும் மூன்றைவிடவும் பெரியதுதானே, லிஃப்ட்டுக்கு அதற்கு மேல் என்ன வந்துவிடப்போகிறது என்று டைமனைத் தூக்கிப் போட்டேன். வந்தது ஸ்பேட் ஜாக்கி. முகத்தை வாளித் தண்ணீர் மாதிரி வைத்துக்கொண்டேன். அவரும் ஒரு சீட்டு மாற்றினார். எடுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. வருத்தம், மாமா. நான் அதைப் பார்த்து, தொலைந்தார் என்று முடிவு கட்டி, ஐந்து ஸ்பேடையும் விசிறி மாதிரி விரித்தேன். அவர் தன் சீட்டுகளை ஒவ்வொன்றாக, ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி வைத்தார். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. கலர் கலராக. சண்டைக்கு வராமல் டோக்கன் வரிசையாக ஐந்து பேர்.

"வரிசை" என்று அப்பா எழுந்தே நின்றுவிட்டார். நான் ஜெயித்திருந்தால் எழுந்திருப்பாரா என்பது தனி வழக்கு.

நான் போனை எடுத்தேன். எந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலும் ஒரே ரகம்தான் வரிசையைவிடப் பெரியது என்று இருந்தது. அப்பாவின் மூக்குக்கு நேராக நீட்டினேன். "போனு துணி துவைக்குமா?" என்றார். அது என்ன வாதம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அம்மாதான் ஒரு வழி சொன்னாள். "ஆட்டத்தக் கொண்டாந்தது என் தம்பி சின்னவன். சின்னவன் சொன்னா ஒத்துக்கலாம். ஆனா எழுத்துல வரணும், கையெழுத்து வேணும். சீட்டு இல்லாமத் துணி கிடையாது." சீட்டாட்டத்துக்கும் ஒரு சீட்டு. அதனால்தான் மாமா, போனில் கேட்காமல், அடுத்த துறைமுகத்துக்கு இந்தக் கடிதம்.

கோபத்தில் நான் பின்கட்டில் அலசல் தொட்டி ஓரமாகப் போய் நின்றிருந்தேன். லிஃப்ட் பின்னாலேயே வந்தார். கதவு திறந்தால் உள்ளே வராமல் இருக்கத் தெரியாது போல.

"தம்பி, நெசமாப் பாத்தா நீதான் ஜெயிச்ச" என்றார்.

"தெரியுமா உங்களுக்கு?"

"எங்க வீட்ல தெனம் சாயங்காலம் போக்கர்தான். சின்ன வயசுலேர்ந்து ஆடறேன். எது அபூர்வமோ அது பெரிசு, அவ்ளோதான் கணக்கு. வரிசை ரெண்டு தடவ வர்றதுக்குள்ள ஒரே ரகம் ஒரு தடவதான் வரும். அதனால ஒரே ரகம் மேல. ஃபுல் ஹவுஸ் இன்னும் கம்மியா வரும், அது அதுக்கும் மேல."

"அப்ப உள்ள ஏன் சொல்லல? முதல் வாரத்துலேர்ந்து போர்வ போர்வன்னு தலையாட்டிட்டு உக்காந்திருக்கீங்க."

"உங்கப்பா எவ்ளோ ஆசையா விளக்குனாரு. நாப்பத்திரெண்டாம் நம்பர்காரன் சீட்டத் தொலைச்சிட்டு வந்தத நடிச்சே காட்டுனாரு. அத எப்படித் தப்புன்னு சொல்றது? போன வாரம் எனக்கு ஒரே ரகம் வந்துச்சு, உங்கப்பாகிட்ட வரிசை. குடுத்துட்டேன் பொத்தான." சிரித்தார். "ஆனா எங்கம்மாகிட்ட இதெல்லாம் நடக்காது. அவங்கதான் எங்க வீட்ல சீட்டுப் போடறது. ஒருத்தன் கையத் தப்பாச் சொன்னா, அந்த வாரம் பூரா அதையே சொல்லிச் சொல்லிக் காட்டுவாங்க." அப்புறம் என் தோளில் கை வைத்து, "ஸ்டூல நீயே வெச்சுக்க தம்பி. நான் நின்னுக்கறேன், வேலையே நின்னு பாக்கற வேலதானே" என்றார்.

மாமா, ஒருவரை வெறுப்பதற்கு அவர் கொஞ்சமாவது ஒத்துழைக்க வேண்டாமா? அவர் நல்லவராக இருப்பதுதான் எனக்குச் செய்யும் பெரிய அநியாயம். அவர் கொடுத்து நான் உட்கார்ந்தால் அது அவர் ஸ்டூல். நான் அதில் விருந்தாளி. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தானமாக வேண்டாம், தீர்ப்பாக வேண்டும்.

ஆகவே தாங்கள் தயைகூர்ந்து, ஒரே ரகமே வரிசையைவிடப் பெரியது என்றும், அந்த ஆட்டத்தில் ஜெயித்தவன் நானே என்றும், ஸ்டூலை உடனடியாகத் துடைத்து என்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், ஏற்ற இறக்கம் என்பதெல்லாம் ஜோக்கே இல்லை என்றும், கையெழுத்தோடு எழுதி அனுப்பிவைக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்குத் தனியாக இரண்டு வரி எழுதினாலும் நல்லது. திட்ட வேண்டாம். தம்பி என்று ஒருவன் மூலையில் வெந்துகொண்டிருக்கிறான் என்று ஞாபகப்படுத்தினால் போதும்.

பெரியவர்களை ஆசீர்வதிக்கும் வயது எனக்கு இன்னும் வரவில்லை என்பதால், உங்கள் குழம்பில் உப்பு அளவாகவும், கடலில் அலை குறைவாகவும் இருக்க வேண்டிக்கொண்டு, அப்பா, அம்மா, இரண்டு மெஷின்கள் ஆகியோரின் அன்பையும், அக்காவிடம் மிச்சமிருந்தால் அவள் அன்பையும் சேர்த்து அனுப்பி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
குழாயடி மூலையிலிருந்து,
நின்ற திருக்கோலத்தில்,
உங்கள் ஒரே மருமகன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் ரத்து செய்யவும். காரணத்தைச் சொல்கிறேன்.

ஸ்டாம்ப் கவுன்ட்டர் இழுப்பறையில் இருக்கிறது. இழுப்பறை அக்காவிடம் இருக்கிறது. ஸ்டாம்ப் கேட்டேன், கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் படிக்கப் படிக்க நான் தலையைக் குட்டுக்கு வசதியாகக் குனிந்து வைத்துக்கொண்டு நின்றேன். குட்டு விழவில்லை. பல் செட் வந்த இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் லாட்ஜ் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நெசமாவே ஒரே ரகம்தான் பெரிசாடா?"

"ஆமா. உன் லிஃப்ட்டே சொன்னாரு."

"எனக்கு ஏன் சொல்லல அவரு?"

"நாம சங்கடப்படுவோம்னு."

அவள் கடிதத்தை மடித்தாள். அப்புறம், "அவங்கம்மா போன்ல பேசுனப்ப, உனக்குப் போக்கர் தெரியுமாம்மான்னு கேட்டாங்க. எங்க வீட்ல நான்தான் கெட்டின்னு சொல்லிட்டேன்டா. போன மொத நாளே உக்கார வெப்பாங்க. நான் அஞ்சு ஆறு ஏழுன்னு வரிசையா வெச்சிட்டு, ஜெயிச்சிட்டேன்னு கைதட்டுவேன். எல்லாரும் என்னையே பாப்பாங்க" என்றாள். கவுன்ட்டரில் யார் வந்து கத்தினாலும் குரல் உயராத, உடையாத ஆள் மாமா அவள். "அங்க காதுல சொல்லிச் சிரிக்கக்கூட ஆள் இருக்காது" என்றாள்.

உடனே சீட்டுக்கட்டை எடுத்து மூட்டைமேலேயே பரப்பி, சரியான சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தேன். வரிசை, அதற்கு மேல் ஒரே ரகம், அதற்கு மேல் ஃபுல் ஹவுஸ். நன்றாகத் தலையாட்டினாள். கேள்வி கேட்டால் அவள் கை வரிசைப் பக்கமே போகிறது. "ஒரே ரகத்தப் பாத்தா போர்வதான்டா ஞாபகம் வருது" என்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அப்பாவின் சட்டம் சாயமாகப் பிடித்துவிட்டது, துவைத்தால் போகாது. அவளை மாற்றுவதைவிட அந்த வீட்டை மாற்றுவது சுலபம் என்று தோன்றுகிறது.

ஆகவே மாமா, வரிசைதான் பெரிது, ஃபுல் ஹவுஸ் அதற்குக் கீழே, ஒரே ரகம் அதற்கும் கீழே, ஏழு கடலிலும் இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கப்பல் முத்திரை இருந்தால் குத்துங்கள். கேப்டன் நல்ல மூடில் இருந்தால் அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்குங்கள். எங்களுக்கு அனுப்ப வேண்டாம். லிஃப்ட்டின் அம்மாவுக்கு அனுப்புங்கள், கல்யாணத்துக்கு முன்னாலேயே கிடைக்கிற மாதிரி. விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது. லிஃப்ட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், எது பெரிது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு பொத்தானைக் கொடுப்பதில் அவருக்கு நல்ல பயிற்சி இருக்கிறது.

சட்டம் அப்படி என்றால் அன்றைய ஆட்டத்துக்கும் அதுதான் சட்டம். நான் தோற்றது செல்லும். ஸ்டூல் அவருக்கே.